ஒலிம்பியாவில் ஒரு சாய மாஸ்டர்

எனக்குச் சொந்த ஊர் தாராபுரம், பிழைப்பு திருப்பூரில். சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்ப்பது என் வேலை. பையர் ஒரு நீலம் கேட்டால், அதையே கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று துண்டுத் துணியில் சாயமேற்றி, ஏ, பி, சி என்று அட்டையில் ஒட்டி அனுப்புவோம். லேப் டிப் என்போம். வெளிச்சப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து அவர் ஒன்றை ஓகே செய்வார். பீரையும் இதே மாதிரி துளித்துளியாய்ப் பார்த்து, மோந்து, ஒரு வாய் வைத்துத் தேர்ந்தெடுக்க ஒரு திருவிழா நடந்துவந்தது. ‘கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவல்’ என்று பெயர்.

2023 ஆகஸ்டில் பையர் ஆபீஸ் வேலையாக லண்டன் போயிருந்தேன். ஒலிம்பியா அரங்குக்கு அக்கா மகன் கூட்டிப் போனான். வாசலிலேயே கையில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் கொடுத்தார்கள். அதில் மூன்று கோடுகள்: முழு பைண்ட், அரை, மூன்றில் ஒரு பங்கு. முழு பைண்ட் 568 மில்லி, கடைசிக் கோடு 189 மில்லி. நிறைய வகையை ருசி பார்க்க வந்தவர்கள் கேட்டது அந்தக் கடைசிக் கோட்டைத்தான். உள்ளே சாரம் கட்டி வரிசை வரிசையாய்ப் பீப்பாய்கள். ஊற்றிக் கொடுத்தவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, தன்னார்வலர்கள்.

முதல் வாய் வைத்ததுமே கேட்டேன். “என்ன மாப்ள, சில்லுனே இல்லை?”

“அதானுங்க மாமா இதோட பதம். ஐஸாட்டம் இருந்தா நாக்கு மரத்துப் போயிருமுங்க.”

அவன் சொன்னது சரிதான். 11 முதல் 13 டிகிரிக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சூட்டில்தான் வறுத்த தானிய வாசமும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் தனித்தனியாய்த் தெரிகின்றன. நம் ஊர்க் கடையில் பாட்டில் கையைச் சுடுகிற அளவுக்குக் குளிர்ந்திருந்தால்தான் பீர் நல்ல பீர். உள்ளே இருப்பதன் ருசி தெரியாமலிருக்கத்தான் அவ்வளவு குளிரோ என்று எனக்கு இப்போது சந்தேகம்.

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் கரைத்துச் சர்க்கரைச் சாறு எடுக்கிறார்கள். அதோடு ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். இதுவரை எல்லா பீருக்கும் ஒரே கதைதான். ஃபாக்டரி பீரை அதன்பின் வடிகட்டி, சூடேற்றி, கார்பன் டை ஆக்ஸைடு ஏற்றி அடைப்பார்கள். ஈஸ்ட் அதோடு போச்சு. இங்கிருந்த பீப்பாய் பீரில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பீப்பாய்க்குள்ளேயே மறுபடி மெதுவாய்ப் புளித்து, தன் நுரையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. திறந்துவிட்டால் சில நாட்களில் தீர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் காடியாகும்.

1960களில் பெரிய கம்பெனிகள் இந்தப் பழைய முறையைக் கைவிடத் தொடங்கின. பொறுக்காத நான்கு இளைஞர்கள் 1971இல் தொடங்கிய இயக்கம்தான் ‘காம்ரா’. குடிக்கிறவர்கள் தாங்கள் குடிப்பதன் தரத்துக்காகச் சங்கம் கட்டியிருக்கிறார்கள்! 1977இல் முதல் திருவிழாவை நடத்தியதும் அவர்களே. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: இந்தப் பீப்பாய் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையில் எடுத்த பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். இப்போது அது இல்லாமலும் செய்கிறார்கள், கேட்டு வாங்கலாம்.

எனக்கு நிறம்தானே தொழில்? வைக்கோல் மஞ்சளில் தொடங்கி, செம்பு, பழுப்பு என்று போய், விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் சிவப்பு தட்டும் கறுப்பு வரை பார்த்தேன். பார்லியை எவ்வளவு வறுத்தார்கள் என்பதே நிறத்தைத் தீர்மானிக்கிறது. நிறத்தை அளக்கும் கருவிகளில் முன்னோடியான ‘டின்டோமீட்டர்’ பீருக்காகப் பிறந்தது. சாலிஸ்பரி ஊரில் பீர் காய்ச்சிய ஜோசப் லவிபாண்ட் செய்தது அது. சாயத் தொட்டியில் நாங்கள் தினமும் பார்க்கும் பி.எச். அளவுகோலும் 1909இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் சோரன்சன் வகுத்தது. இத்தனை வருஷம் பீர்க்காரர்களின் அளவுகோலை வைத்துப் பிழைத்திருக்கிறேன்.

‘இந்தியா பேல் ஏல்’ என்றொரு வகையை மருமகன் வாங்கிக் கொடுத்தான். பெயரில்தான் இந்தியா, காய்ச்சியது அங்கேதான். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் மாதக்கணக்கில் வரவேண்டிய பீர் கெடாதிருக்க ஹாப்ஸைத் தாராளமாய்ப் போட்டார்கள். முதலில் இதில் கொடிகட்டிப் பறந்தவர் லண்டனில் ஹாட்ஜ்சன். பிறகு பர்ட்டன் ஊர்க்காரர்கள் அவரை முந்தினார்கள். காரணம் தண்ணீர். பர்ட்டன் கிணறுகளில் ஜிப்சம் அதிகம், அது ஹாப்ஸ் கசப்பைத் துலக்கிக் காட்டும். சாயத்தில் கதையே தலைகீழ். தண்ணீரில் கால்சியம் இருந்தால் ஷேடு திட்டுத்திட்டாய்ப் போகும், அதை நீக்கத்தான் நாங்கள் காசைக் கொட்டுகிறோம். பர்ட்டன் மாதிரி பீர் வேண்டுமென்று மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சத்தை வாங்கிக் கலக்குகிறார்களாம். தாராபுரத்தில் உப்புத் தண்ணீர்க் கிணறு வைத்திருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் ‘சாம்பியன் பீர் ஆஃப் பிரிட்டன்’ பட்டம் ‘எலண்ட் 1872 போர்ட்டர்’ என்ற கறுப்பு பீருக்கு. எலண்ட், யார்க்ஷயரில் கம்பளி நெசவுக்குப் பேர்போன பகுதியில் இருக்கும் சின்ன ஊர். நம்மவர் மாதிரித் துணிக்காரர்கள் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம். காப்பிக்கொட்டை வாசம், நடுவில் கருப்பட்டித் தித்திப்பு, விழுங்கிய பின் மெல்லிய கசப்பு. 6.5 சதவீதம் ஆல்கஹால். அங்கே அதுவே கனம். பல வகைகள் 4 சதவீதத்தைச் சுற்றித்தான். நம் ஊர் ஸ்ட்ராங் பீர் லேபிளில் 8 வரை போட்டிருக்கும். அங்கே ருசியைக் கேட்கிறார்கள், இங்கே ‘ஏறுமா’ என்று கேட்கிறோம்.

ருசி பார்ப்பதிலும் முறை இருக்கிறது. வெளிர் நிறத்திலும் குறைந்த சதவீதத்திலும் தொடங்கி, கசப்பும் கறுப்பும் கடைசியில். கிளாஸுக்குக் கிளாஸ் நடுவே தண்ணீர், வயிற்றில் சாப்பாடு. திரும்பிப் போக ரயில்.

இதைப் பார்க்கையில் கள்ளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் தெளுவு என்கிற பதநீர், தடவாவிட்டால் கள். காலையில் இறக்கியது தித்திக்கும், சாயங்காலம் புளிக்கும், மறுநாள் காடி. அதுவும் உயிருள்ள சரக்குதான். எந்த மரம், எந்த மண், யார் பாளை சீவியது என்று ருசித்துச் சொல்லும் பெருசுகளை எங்கள் பக்கத்தில் நானே பார்த்திருக்கிறேன். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. ஃபாக்டரிச் சரக்கை அரசே கடை திறந்து விற்கிறது. இன்று தாராபுரத்துக்காரன் நல்ல கள் ருசி பார்க்க வேண்டுமென்றால் உடுமலை, பொள்ளாச்சி தாண்டி, கோபாலபுரம் செக்போஸ்ட்டைக் கடந்து கேரளத்துச் சித்தூருக்குத்தான் போக வேண்டும்.