கையளவு இன்ஜின் செய்யலாம்: வீட்டுப் பட்டறை தொடங்க விரும்புவோருக்கு

பிரிக்பீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரல் 2001-இல் திறக்கப்படும் முன், அந்த இடம் ரயில்வே யார்டாக இருந்தது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடா வரை முதல் ரயில் ஓடியது 1886-இல். பின்னர் எழுந்த செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகவும் டர்னராகவும் வேலை செய்த தமிழர்கள் ஏராளம். தோட்டப்புறத்திலும் ரப்பர் ஆலையின் இன்ஜின் அறையைக் கவனித்தவர்கள், செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவர்கள் பல குடும்பங்களில் உண்டு.

செந்தூல் வேலைகள் பத்து காஜாவுக்கு மாறிவிட்டன. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தாத்தாவின் கையில் இருந்த தொழில் பேரனுக்குப் போய்ச் சேராத வீடுகள் அதிகம். அந்தத் தொழிலை வீட்டிலேயே கற்க ஒரு வழி, உண்மையாகவே ஓடும் சிறிய இன்ஜினைச் செய்து பார்ப்பது. பிரிட்டனில் இதற்கென்றே பெர்சிவல் மார்ஷல் என்பவர் 1898-இல் ‘மாடல் இன்ஜினியர்’ என்ற இதழைத் தொடங்கினார். அங்கு இது இன்றும் பலருடைய பொழுதுபோக்கு.

முதல் இன்ஜின் எது?

ரயில் இன்ஜினில் கை வைக்க வேண்டாம். சிலிண்டரே இப்படியும் அப்படியும் ஆடும் எளிய இன்ஜின் போதும். சிலிண்டர், பிஸ்டன், கிராங்க், பறக்கும் சக்கரம், தாங்கும் பலகை என முக்கியப் பாகங்கள் ஐந்துதான். சிலிண்டரின் பக்கத்தில் ஒரு துளை, பலகையில் இரண்டு துளைகள். சிலிண்டர் ஒரு பக்கம் சாயும்போது துளைகள் நேர்பட்டு, காற்று உள்ளே போய் பிஸ்டனைத் தள்ளும். மறுபக்கம் சாயும்போது அந்தக் காற்று வெளியேறும். தனியாக வால்வு தேவையில்லை. தள்ளுதல் இல்லாத பாதிச் சுற்றைச் சக்கரத்தின் கனமே கடத்திவிடும்.

இதில் கற்கும் முக்கியப் பாடம் பொருத்தம். சிலிண்டரை 10 மில்லிமீட்டர் ரீமர் கொண்டு முடித்தால், பிஸ்டனை 9.98 அளவுக்குக் கடைய வேண்டும். அந்த இடைவெளி தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. முதலில் துளையை முடித்துவிட்டு, அதற்கேற்பப் பிஸ்டனைக் கடைவதே முறை. கடைந்த பிஸ்டனை இன்னும் சிறிது குறைக்கலாம். பெரிதாகிவிட்ட துளையைச் சிறிதாக்க முடியாது. சிலிண்டரின் துளையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளிழுக்கும் பிடிப்பு தெரிந்தால் பொருத்தம் சரி.

என்ன வாங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். கனமான மேசை, பிடிக்கருவி, அரங்கள், இரும்பு அறுக்கும் வாள், துளையிடும் இயந்திரம் ஆகியவை முதலில். அடுத்து அளவுக் கருவிகள். டிஜிட்டல் கேலிப்பர் பொது வேலைக்குச் சரி; பிஸ்டனின் அளவைச் சொல்ல மைக்ரோமீட்டர் வேண்டும்.

லேத் அதற்குப் பிறகு. மேசை மேல் வைக்கும் சிறிய லேத் ஏறத்தாழ 40 கிலோ எடை இருக்கும். கருவிகளை விசாரிக்க, பூடுவில் உள்ள ஜாலான் பாசார் கடைகள் நல்ல தொடக்கம். பழகுவதற்குப் பித்தளைத் துண்டுகள் சிறந்தவை, எளிதாகக் கடையலாம். வேலை முடிந்ததும் லேத்தைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். இங்குள்ள ஈரக்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும்.

லேத் ஓடும்போது கையுறை, நீளக் கை சட்டை, கழுத்துச் சங்கிலி கூடாது. கண்ணாடி கட்டாயம். சக்கைத் திருகும் சாவியை அதிலேயே விட்டுவிட்டுச் சுவிட்சைத் தட்டினால், அது கல்லைப் போல் பறந்துவரும். சுருள் சுருளாக விழும் உலோகச் சீவலைக் கையால் இழுக்காமல் பிரஷால் தள்ளுங்கள்.

நீராவி வேண்டாம், காற்று போதும்

பலருக்கும் உடனே நீராவியில் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். இங்கேதான் நிதானம் தேவை. தண்ணீர் ஆவியானால் சாதாரண காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை அடைக்கும். மூடிய பாத்திரம் அந்த அழுத்தத்தில் பிளந்தால் அருகில் நிற்பவருக்கு உயிராபத்து. ஆலைகளில் பாய்லரை இயக்குபவருக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்பதும் இதனால்தான். பால் டின்னிலோ பழைய எரிவாயு உருளையிலோ பாய்லர் செய்வதை நினைத்தும் பார்க்காதீர்கள். டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸரில் அழுத்தத்தை 1 பார் அளவுக்குக் குறைத்து வைத்தாலே இந்த இன்ஜின் ஓடும்.

பிறகு எங்கே போகலாம்?

இந்த வேலை பிடித்துப்போன இளையோருக்குப் பொழுதுபோக்கோடு நிற்க வேண்டியதில்லை. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழுக்கு இயந்திரத் தொழிலிலும் படிக்கலாம். எஸ்.பி.எம். முடிவு சுமாராக வந்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோர் இந்தத் துறையையும் விசாரிப்பது நல்லது. ஷா ஆலமில் 1959 முதல் இயங்கும் மோன்ஃபோர்ட் பாய்ஸ் டவுன், வசதி குறைந்த இளையோருக்குத் தொழிற்பயிற்சி தந்துவரும் இடங்களில் ஒன்று.

அதற்கு முன், ரயில்வேயிலோ ஆலையிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாவோ தாத்தாவோ குடும்பத்தில் இருந்தால், மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று அவரிடமே கேளுங்கள். கடையும் உளியை எந்தக் கோணத்தில் தீட்டுவது, உலோகம் கத்தினால் என்ன காரணம் என்பதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தால் விரைவில் பிடிபடும்.