கை மாறும் பொருள்கள் – 6: பெயர் மாறும் வரை

மெக்கானிக் சாவியைக் கேட்கவில்லை. கதவையும் திறக்கவில்லை. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் கை வைப்பதுபோல் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“காலையில வண்டியை எடுத்தீங்களா சார்?”

“நீங்க வர்றீங்களேன்னு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்” என்றார் கார்க்காரர்.

“பரவாயில்ல சார், நல்லா ஆறட்டும். நாங்க சாயங்காலமா வர்றோம்.”

2024 பிப்ரவரி. சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்தின் தரைத்தளம். என் அக்கா மகன் மூன்று வருடச் சம்பளத்தில் நான்கு லட்சம் சேர்த்திருந்தான். வைத்திருப்பவரிடமே நேரடியாக வாங்கினால் புரோக்கர் கமிஷன் மிச்சம், வண்டியின் கதையும் அவர் வாயாலேயே தெரியும் என்று விளம்பரம் பார்த்துப் போயிருந்தோம். “மாமா, இன்னொரு பார்ட்டி வர்றாங்களாம். அட்வான்ஸ் கொடுத்துடலாமா?” என்று தெருமுனை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான். சாயங்காலம் வரை பொறுத்தான், நல்லவேளை.

சென்ற வாரம் பழைய ஃபிரிட்ஜ் பற்றி எழுதும்போது, ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள் என்று முடித்திருந்தேன். காருக்கு அது பாதிதான். காருக்கு இரண்டு உடம்பு: ஒன்று இரும்பு, இன்னொன்று காகிதம். முதலாவதைத் தட்டித் தடவிப் பார்க்கிற நாம், இரண்டாவதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். எதிரே நிற்பவர் மரியாதைக்குரிய மனிதராக இருந்தால் கூச்சம் இன்னும் கூடுகிறது.

முதலில் இரும்பு. சூடான இஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போதுதான் பேட்டரியின் பலவீனமும் இஞ்சினின் தடதடப்பும் வெளியே வரும். அந்த நேரம் சைலன்சருக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. குளிர்ந்த காலையில் மெல்லிய வெண்புகை வருவது இயல்பு. இஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

சாயங்காலம் இஞ்சின் நன்றாகவே கிளம்பியது. மருமகன் முகத்தில் வெளிச்சம். மெக்கானிக் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். மாட்டிக்கொள்ள ஒரு கை நீளம் போதும். அவர் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். ரீலில் சுருண்டு கிடந்த கடைசி முழம் வெளியே வந்தபோது, அதன் குறுக்கே டீக்கறை போல ஒரு பழுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினார். காய்ந்த சேறு பொடியாக உதிர்ந்தது. அடுத்து சீட்டுக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினார். சீட் நகரும் தண்டவாளம் முழுக்கத் துரு.

“மிக்ஜாம் புயல்ல தண்ணி டயர் வரைக்கும்தான் சார் வந்துச்சு” என்றார் கார்க்காரர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெரு பட்ட பாடு எங்களுக்கும் தெரியும். அவர் பொய் சொன்னாரா, ஊரில் இல்லாத நாளில் நடந்ததால் அவருக்கே தெரியாதா, நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் கார்ப்பெட்டுக்குக் கீழே வயரிங் ஓடுகிறது. அதன் இணைப்புகளில் ஒருமுறை நீர் புகுந்தால், துரு மாதக்கணக்கில் மெதுவாகத் தின்னும். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1821 என்றால் 2021ஆம் ஆண்டின் 18ஆவது வாரத் தயாரிப்பு. மீட்டர் முப்பதாயிரம் காட்ட, பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள். மெல்லிய காந்தத்தைத் துணியில் சுற்றி இரும்புக் கதவில் ஒட்டிப் பாருங்கள். பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் அது பிடிக்காது. பானெட்டின் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள்.

இனி காகிதம். ‘பணம் கொடுத்தேன், சாவி வாங்கினேன், வண்டி என்னுடையது’ என்பது நம் நினைப்பு. மோட்டார் வாகனச் சட்டம் யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரைத்தான் உரிமையாளர் என்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை ஒவ்வொரு விற்பனையாளரும் அறிந்திருக்க வேண்டும். 2007இல் ஒருவர் காரை விற்றார். அது அடுத்தடுத்துப் பல கை மாறியது; ஆர்.சி.யில் மட்டும் முதலாமவர் பெயரே நின்றது. 2009இல் அந்தக் கார் ரிவர்ஸில் வந்து மோதி ஓர் உயிர் போனது. இழப்பீட்டுக்குப் பொறுப்பு, பதிவில் பெயர் உள்ளவருக்கே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்று இரண்டு வருடம் கழித்து, எங்கோ ஓடிய வண்டிக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அதனால்தான் தேதி போடாத படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ‘அப்புறம் மாற்றிக்கலாம்’ என்று பிரிவது இரு தரப்புக்கும் ஆபத்து. மாநிலத்துக்குள் விற்பனை என்றால், விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29 வழியாகவும், வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30 வழியாகவும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பாண்டிச்சேரி நம்பர் வண்டி மலிவாகத் தெரிந்தால், தடையில்லாச் சான்றையும் தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரியையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது கார் தாம்பரத்தில் கிடைத்தது. உரிமையாளர் ஓய்வு பெற்ற ஆசிரியை. வண்டி நன்றாக இருந்தது. அங்கேயே அரசின் பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டோம். இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தது. ஆனால் வாகனக் கடனைக் குறிக்கும் ஹெச்.பி. பதிவில் வங்கியின் பெயர் இன்னும் நின்றது.

“டியூ எல்லாம் கட்டி முடிச்சு நாலு வருஷம் ஆச்சே தம்பி!” என்றார். குரலில் வருத்தம் தெரிந்தது. சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துவிட்டார். கடன் முடிந்தாலும் வங்கியின் தடையில்லாச் சான்றையும் படிவம் 35ஐயும் கொடுத்து நீக்கினால்தான் அந்தப் பெயர் போகும் என்று விளக்கினேன். கூடவே அந்த உச்ச நீதிமன்ற வழக்கையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய பிரீஃப்கேஸை எடுத்து வந்து மேசைமேல் திறந்துவைத்தார். “எதெது வேணுமோ பாருங்க.”

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்ததோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். பணத்தை வங்கி வழியாகவே அனுப்பினோம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழலாம் என்கிறது வருமான வரிச் சட்டம். வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் டெலிவரி நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். அதற்கு முந்தைய போக்குவரத்து அபராதம் ஆசிரியையுடையது, பிந்தையது மருமகனுடையது. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் இவன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தோம். ‘நோ கிளெய்ம் போனஸ்’ வண்டியோடு வராது. அது அந்த அம்மாவுக்கு உரியது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், திடீர் மாறுதல், வண்டி பார்சலில் வரும் என்று உருக்கமாகப் பேசுகிறவர்களிடம் பணத்தை இழந்தவர்கள் ஏராளம்.

சில வாரங்கள் கழித்து இவன் பெயரில் ஆர்.சி. தபாலில் வந்தது. படம் எடுத்து டீச்சருக்கு அனுப்பச் சொன்னேன். உடனே போன் வந்தது. “ரெண்டு தடவை பெரிசாக்கிப் பார்த்துட்டேன்ப்பா, என் பேரு இல்ல. இனிமே நிம்மதியாத் தூங்குவேன்.” அன்று கேட்கக் கூசிய கேள்விகளை நாங்கள் கேட்டது, எங்களுக்காக மட்டுமல்ல என்று அப்போதுதான் மருமகனுக்குப் புரிந்தது.

(அடுத்த வாரம்: அடகிலிருந்து மீண்ட நகை)