பெட்டகத்தில் ஆகாதது பரணிலும் ஆகாது

அபாயகரமான பொருளைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கலாகாது. இவ்விதியை ஒவ்வொரு வங்கியும் பெட்டக ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டுமென 2021 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட திருத்திய நெறிமுறைகள் கூறின. ஒரே காப்பறையில் பலருடைய உடைமைகள் இருப்பதால், ஒருவரின் கவனக்குறைவு அனைவரையும் பாதிக்கும்.

கூட்டுக்குடும்ப வீடும் அத்தகையதே. ஓவியம் தீட்டுபவரின் டர்பன்டைன், மரவேலையில் ஆர்வமுள்ளவரின் தின்னர், டிரோன் பறக்கவிடும் இளைஞரின் லித்தியம் பேட்டரி ஆகியவை ஒருவரின் பொழுதுபோக்குக்கு உரியவை. அபாயமோ வீட்டார் அனைவருக்கும் உரியது.

கொல்லங்கோடு போன்ற பாலக்காட்டு ஊர்களில் மீனம், மேட மாதங்களின் வெயிலில் ஓட்டுக்கூரையின் கீழுள்ள பரண் கடுமையாகச் சூடேறும். இவற்றுக்கு அது உரிய இடமன்று. சமையலறையும் ஆகாது. டர்பன்டைன், தின்னர் ஆகியவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுப்பை எட்டினால் தீப்பற்றும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறி எரியக்கூடும். அதை வெளியே விரித்து உலர்த்த வேண்டும்.

திரவங்களை வாங்கிய டப்பாவிலேயே மூடி, காற்றோட்டமுள்ள, நிழலான வெளிக்கொட்டகையில் பூட்டி வைக்க வேண்டும். குடிநீர்ப் புட்டியில் ஒருபோதும் ஊற்றலாகாது. வீங்கிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யலாகாது. தேவைக்கு மேல் வாங்காதிருப்பது நன்று. எது, எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

நகைக்கும் பத்திரத்துக்கும் எங்கள் பெட்டகம் உண்டு. இப்பொருள்களுக்கு வீட்டாரே காவல் என்பதை வாடிக்கையாளர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.