படத்தில் உள்ளது பாக்கெட்டிலும் இருக்கட்டும்!



ஜவ்வாது மலைச் சாமை, தேன், ஆரணிப் பட்டு என்று எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் விற்க எத்தனையோ இருக்கின்றன. சுய உதவிக் குழுப் பெண்களும் இப்போது இணையதளத்தில் விற்கிறார்கள். படம் மங்கலாக இருந்தால் யார் வாங்குவார்கள்?

இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம், தோழிகளே! 1996 முதல் கிடைத்து வரும் 'கிம்ப்' மென்பொருள் இலவசம். லேபிள் ஒட்டாத வெள்ளைப் பாக்கெட்டைச் சாம்பல் நிறச் சார்ட் பேப்பர் முன் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். கிம்ப்பில் அதன்மேல் லேபிளைத் தனி லேயராக வையுங்கள். 'பெர்ஸ்பெக்டிவ்' கருவியால் நான்கு மூலைகளையும் இழுத்துப் பொருத்தி, லேயர் மோடை 'மல்டிப்ளை' என்று மாற்றினால், பாக்கெட்டின் சுருக்கமும் நிழலும் லேபிளில் தெரியும். நிஜமாக ஒட்டியது போலவே இருக்கும். அச்சடிக்கும் முன்பே எழுத்துப் பிழை, எடை, விலை எல்லாம் சரிபார்த்து விடலாம்.

"கலர் கொஞ்சம் தூக்கலா இருந்தாதானே வாங்குவாங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வேண்டவே வேண்டாம்! அரக்குக் கலர் பட்டு என்று நம்பி வாங்கியவருக்கு ஆரஞ்சு வந்தால் உடனே திருப்பி அனுப்புவார்; மறுபடி நம்மிடம் வரவும் மாட்டார். படம் பொருளின் தோற்றத்தோடு ஒத்திருக்கும் என்று விற்பவரிடம் உறுதிமொழி வாங்க வேண்டும் என 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளே சொல்கின்றன.

லேபிள் அச்சாகி வந்ததும் நிஜப் பாக்கெட்டையே படமெடுத்து மாற்றிவிடுங்கள். அதுவரை கீழே 'மாதிரிப் படம்' என்று போட்டுவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.