முதுகில் முள், வாலில் குஞ்சம்

வால்பாறைக்கு வருகிறவர்கள் சிங்கவால் குரங்கைப் பற்றி விசாரிக்கிறார்கள். இருவாச்சி எங்கே தெரியும் என்று கேட்கிறார்கள். அவற்றுக்குக் கொஞ்சமும் குறையாத அபூர்வம் ஒன்று ஆனைமலைச் சோலைகளில் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. அது ஓர் எலி.

மலபார் ஸ்பைனி டார்மௌஸ் என்று விலங்கியலில் பெயர். முள் மர எலி என்று வைத்துக்கொள்வோம். கொங்குச் சமவெளியின் கரட்டுக்காடுகளில் திரியும் முள்ளெலி வேறு. அது கொறிக்கும் இனமே அல்ல. இது ஒரு சாணுக்கும் குறைவான உடல் கொண்ட மரவாசி. செம்பழுப்பு முதுகில் மயிரோடு மயிராகத் தட்டையான முட்கள் படிந்திருக்கும். வால் நுனியில் அடர்ந்த குஞ்சம். பகலெல்லாம் மரப்பொந்தில் உறங்கி, இருட்டிய பிறகே வெளியே வரும்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. இதன் பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஒரே இனம்தான். பெயரில் டார்மௌஸ் இருந்தாலும் ஐரோப்பிய டார்மௌஸ்களோடு நெருங்கிய உறவில்லை. நெருங்கிய சொந்தம் சீனாவிலும் வியட்நாமிலும் வாழும் டிஃப்லோமிஸ் என்ற மர எலிகள். அவை வௌவாலைப் போல ஒலியெழுப்பி, எதிரொலி கேட்டு இருட்டில் வழி கண்டுபிடிப்பதை 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு நிறுவியது. சீனாவின் யுன்னானில், 50 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான படிவுகளில், நம் எலியின் பேரினத்தைச் சேர்ந்த பற்கள் கிடைத்திருக்கின்றன. ஆசியாவில் பரந்து கிடந்த ஒரு வம்சம் ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் நம் மலையில் வந்து நிற்கிறது. அரிய விலங்கு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அறிவியல் உலகுக்கு இதை 1859இல் அறிமுகம் செய்தவர் கல்கத்தாவில் இருந்த எட்வர்ட் பிளைத். திருவிதாங்கூர் மலைகளிலிருந்து மாதிரிகளைத் திரட்டியவர் பேக்கர் என்ற பாதிரியார். அவர் எழுதிவைத்த குறிப்புகள் சுவையானவை. பலாவையும் மிளகையும் தின்று தீர்க்குமாம். பனையில் கட்டிய கள்ளுக் கலயத்தின் மூடியைக் கடித்துத் துளைத்துக் குடிக்குமாம். கலயத்துக்குள் பாதி மூழ்கிய நிலையிலேயே இரண்டு அவர் கைக்கு வந்தன. மலைவாழ் மக்கள் இதை மிளகு எலி என்றே அழைத்தார்கள்.

மிளகு மட்டுமல்ல இதன் தீனி. காட்டில் இதற்கு விருந்து வெடிப்பலா. டுரியானின் உறவான இந்த மரம் ஆனைமலை மழைக்காட்டின் தூண். கிளைகளில் நேரடியாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூவுக்கு இதழ் கிடையாது, சதைப்பற்றான புல்லிவட்டம்தான். பகலில் குரங்கும் மலையணிலும் தின்ன, இரவில் பழந்தின்னி வௌவாலோடு இந்த எலியும் வந்து சேரும். களக்காடு மலையின் காக்காச்சியில் கணேஷும் சௌபத்ரா தேவியும் செய்த ஆய்வு, பூவைத் தின்ன வரும் இத்தகைய பாலூட்டிகள் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுவதைக் காட்டியது. அதே களக்காடு–முண்டந்துறையில் இந்த எலியின் எண்ணிக்கையையும் வாழிடத் தேர்வையும் ஆராய்ந்து, திவ்யா முத்தப்பா, அஜித் குமார், ரவி செல்லம் மூவரும் 2001இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இப்படிக் காட்டு மரங்களையே நம்பி வாழும் எலிக்கு வால்பாறையில் ஒரு சிக்கல். 1890களில் தொடங்கிய தோட்டப் பயிர் காட்டைத் துண்டு துண்டாக்கிவிட்டது. புதுத்தோட்டம், குரங்குமுடி, ஐயர்பாடி என்று எஸ்டேட்டுகளுக்கு நடுவே எஞ்சியவை, கடலில் சிதறிய தீவுகள். பறவை பறந்து கடக்கும். யானை நடந்து கடக்கும். கிளைவழியே வாழப் பழகிய சிற்றுயிருக்கு, இடுப்பளவு தேயிலைப் புதர்களும் எட்ட எட்ட நிற்கும் சில்வர் ஓக்கும் பாதையாகா. பொந்து விழும் அளவுக்கு முதிர்ந்த மரமும் அங்கே அரிது.

குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 2000களின் தொடக்கத்திலிருந்து எஸ்டேட் துண்டுக்காடுகளில் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டு மீட்டுவருகிறது. இரண்டும் போற்றத்தக்க வேலைகள். ஆனால் நட்ட கன்றில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை, பட்டுப்போன முதுமரங்களை எஸ்டேட்டுகள் விறகுக்கு வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். விலங்குகளைப் படமெடுக்கத் தரையில் வைக்கும் தானியங்கிக் கேமராக்களில் சிலவற்றை எடுத்து, அடுத்த முறை வெடிப்பலா பூக்கும்போது கிளைகளில் கட்ட வேண்டும். எந்தெந்தத் துண்டுக்காட்டில் இந்த எலி இன்னும் இருக்கிறது என்ற பட்டியல் அப்போதுதான் கைக்கு வரும்.