திப்பு சுல்தானின் புலி உருவத் துப்பாக்கிகள்

புலி உருவத் துப்பாக்கிகள் என்பவை மைசூர் மன்னர் திப்பு சுல்தானுக்காக (ஆட்சி: 1782–1799) அவரது தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்யப்பட்ட வேலைப்பாடு மிக்க தீக்கல் துப்பாக்கிகள் ஆகும். இவற்றில் புலி வெறும் அலங்காரமாக இல்லாமல் ஆட்சியின் அடையாளமாக இடம்பெற்றது.

பின்னணி

புலி திப்புவின் அரச சின்னம். அரியணை, பீரங்கி, படைவீரர் உடை ஆகியவற்றிலும் புலி உருவமோ ‘பப்ரி’ எனப்படும் புலிவரியோ காணப்பட்டது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் திப்புவும் அவரது தந்தை ஐதர் அலியும் ஆங்கிலேயப் படையைத் தோற்கடித்தனர். ஐரோப்பியரைப் புலி வீழ்த்தும் காட்சி பின்னர் மைசூர்க் கலைப்பொருட்களில் இடம்பெற்றது.

வேலைப்பாடு

தீக்கல்லைப் பற்றியிருக்கும் சுத்தியல் புலி வடிவில் செய்யப்பட்டது. சில துப்பாக்கிகளின் விசைத் தகட்டில், ஐரோப்பியப் போர்வீரனைப் புலி தாக்கும் காட்சி உள்ளது. எஃகுப் பரப்பைச் சிற்றுளியால் கீறி, அதில் பொன் அல்லது வெள்ளியை அடித்துப் பதிப்பது இந்தியக் கைவினைஞர்களின் முறை. குழலில் செய்த ஊரும், திப்பு ஏற்படுத்திய மௌலூதி ஆண்டும் பொறிக்கப்பட்டன. அந்த ஆண்டின் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

இன்றைய நிலை

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அரண்மனைப் பொருட்களை வென்ற படையினர் பங்கிட்டுக்கொண்டனர். பல துப்பாக்கிகள் பிரித்தானிய அரச குடும்பத் தொகுப்பு உள்ளிட்ட இடங்களுக்குச் சென்றன. செய்த ஊரிலிருந்து பிரிந்துபோன இவற்றை இனங்காண, அந்தப் புலி உருவங்களும் எழுத்துகளுமே இன்று ஆய்வாளர்களுக்கு முதன்மைச் சான்றாக உள்ளன.