கூட்டல் குறியும் ஒரு நர்ஸம்மாவும்

பார்த்துவிட்டேன்! பீரோவை விட்டு லேசில் வெளியே வராத ஆசாத் ஹிந்த் தபால்தலைகளைச் சிதம்பரம் மேலவீதிப் பக்கம், ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட் மாஸ்டர் வீட்டுக் கூடத்தில், லென்ஸ் பிடித்துப் பார்த்தேவிட்டேன்.

"விரல் வேணாம் தம்பி, எண்ணெய்ப் பசை ஒட்டிக்கும்" என்று இடுக்கியை நீட்டினார். ஏர் உழும் விவசாயி. ராட்டையில் நூல் நூற்கும் பெண். உடைபடும் சங்கிலி. சீக்கியச் சிப்பாய். பக்கம் புரளப் புரள எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே அவள்? இதோ! அடிபட்ட சிப்பாயைக் கவனித்துக்கொண்டிருக்கும் நர்ஸ். நான் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்ததே இவளுக்காகத்தான்.

இவள் பிறந்த கதையைக் கேளுங்கள். ஆசாத் ஹிந்த் என்றால் சுதந்திர இந்தியா. நேதாஜி ஜெர்மனியில் இருந்து நடத்திய சுதந்திர இந்திய மையத்துக்காக, 1943இல் பெர்லின் அரசு அச்சகத்தில் அச்சானவை இந்தத் தலைகள். வரைந்தவர்கள் வெர்னர், மரியா ஃபான் ஆக்ஸ்டர் ஹொய்ட்லாஸ் என்ற ஜெர்மானியத் தம்பதி. ஹிட்லர் ஆட்சிக்குப் பிரசாரச் சுவரொட்டி போட்ட அதே கைகள். அது நெருடத்தான் செய்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் வேலைப்பாடு என்ன வேலைப்பாடு! லென்ஸுக்குள் மையின் நிழல் மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டு போகிறது. ஓரத்தில் பல் வைத்தவை ஒரு பக்கம், பல்லே இல்லாதவை ஒரு பக்கம்.

தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது படமல்ல, ஒரு குறி! சில தலைகளில் விலை ஒற்றை எண்ணாக இல்லை. 1 + 1 அணா, 8 + 12 அணா என்று நடுவே கூட்டல் குறி. முன்னது தபாலுக்கு, பின்னது நிதிக்கு. குளிர்கால நிவாரணத்துக்கு இப்படித்தான் ஜெர்மன் தபால் துறை காசு திரட்டிப் பழகியிருந்தது. ஆசாத் ஹிந்த் தலைகளின் கூடுதல் காசு அந்தமான் நிக்கோபார் நிர்வாகச் செலவுக்கு என்று சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். "நம்மகிட்டயும் இருந்துச்சே!" என்று போஸ்ட் மாஸ்டர் குதூகலமாக இன்னொரு ஆல்பத்தை இழுத்தார். 1971, வங்கதேச அகதிகள் நிவாரணம், 5 பைசா. "அப்பல்லாம் இது இல்லாம கடுதாசி போட முடியாது. கவுண்டர்ல உக்காந்து எத்தனை பேருக்குக் கிழிச்சுக் கொடுத்திருக்கேன் தெரியுமா!"

ஆசாத் ஹிந்த் தலைகளுக்கோ கவுண்டரே வாய்க்கவில்லை. ஒரு கடிதமும் இவற்றை ஒட்டிக்கொண்டு போகவில்லை. நிதிக்காகவே கூட்டல் குறி போட்டு வந்த காகிதம் நிதி திரட்டாமலே ஆல்பத்துக்குள் போய்விட்டது.

நிதி குவிந்தது வேறு இடத்தில். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். கூட்டம் முடிந்ததும் அவர் கழுத்து மாலை ஏலத்துக்கு வரும்! நாளைக்கே வாடிப்போகிற பூவுக்குப் போட்டி போட்டுக்கொண்டு விலை கேட்டார்கள். பணமில்லாதவர்கள் நகையைக் கழற்றினார்கள். கோலாலம்பூரில் ஜானகி என்ற பதின்வயதுத் தமிழ்ப் பெண் காதுத் தோட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு நேதாஜியின் பெண்கள் படையான ராணி ஜான்சி படையில் சேர்ந்து அதன் தலைவர்களில் ஒருவரானாள். பின்னாளில், 2000இல் பத்மஸ்ரீ பெற்ற ஜானகி ஆதி நாகப்பன் அவர்தான்.

அந்தப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் தொடங்கியது. தலைமை, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி. துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர்களோடு சாந்த் பீபி நர்சிங் பிரிவும் இருந்தது. பர்மாவில் காயம்பட்டு வந்த சிப்பாய்களுக்குக் கட்டுப் போட்டவர்களில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் உண்டு. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் நம் தென்னாற்காடும் ஒன்று! பெர்லினில் உட்கார்ந்து வரைந்தவர்களுக்கு அந்தப் பெண்களைத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் அந்த நர்ஸ் படத்தைப் பார்க்கும்போது எனக்கு வேறு யார் முகமும் தோன்றவில்லை.

ஜான்சி ராணி என்றதும் கடலூர்க்காரனுக்கு முதுநகர் அஞ்சலையம்மாள் நினைவு வராமல் போகுமா? 1927இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த சத்தியாகிரகத்துக்கு ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறை புகுந்தவர். காந்தி அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயரிட்டு வார்தாவுக்கு அழைத்துப் போனார். அஞ்சலையம்மாளைத் தென்னாட்டின் ஜான்சி ராணி என்றார். ஒருவர் காந்தி வழி, மற்றவர்கள் நேதாஜி வழி. இருந்தும் கடலின் இரு கரையிலும் தமிழ்ப் பெண்களைத் தேடி வந்தது ஒரே பெயர்!

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், கடலூர்ல ஒரு தபால்தலைக் கண்காட்சி வச்சா இந்த நர்ஸைக் கொண்டாருவீங்களா? பக்கத்திலயே மாலை ஏலக் கதை, ஜானகி தோடு கதை, நம்ம அஞ்சலையம்மா கதை எல்லாம் எழுதி மாட்டிடலாம்."

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருமா?"

"வரும் சார்."

"அப்ப லென்ஸு ஒண்ணு பத்தாதே தம்பி" என்று அலமாரியைத் துழாவ ஆரம்பித்தார்.